சொட்டுவது தண்ணீர் மட்டும்தானா?
கேஸ் வாட்டர் ஹீட்டரின் மூன்று கசிவுகள்



சுவரில் மாட்டியிருக்கும் கேஸ் வாட்டர் ஹீட்டரின் அடியில் தண்ணீர் சொட்டுகிறது. கீழே ஒரு வாளியை வைத்துவிட்டு, "பிளம்பர் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுவது பலருக்கும் பழக்கம். ஆனால் கேஸ் ஹீட்டர் என்பது வெறும் தண்ணீர்க் குழாய் அல்ல. ஒரே பெட்டிக்குள் தண்ணீர் ஓடுகிறது, எரிவாயு ஓடுகிறது, எரிந்தபின் உண்டாகும் புகை வெளியேறுகிறது. மூன்றும் தனித்தனிப் பாதையில் போகும்வரை பிரச்சினை இல்லை. மூன்றில் எது வேண்டுமானாலும் கசியலாம்.

தண்ணீர் கசிந்தால் கண்ணுக்குத் தெரியும். எரிவாயு கசிந்தால் மூக்குக்குத் தெரியும். புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடு கசிந்தால் கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. அதனால் ஹீட்டரைச் சோதிக்கும்போது கண்ணில் படுவதைக் கடைசியாகப் பார்க்க வேண்டும். முதலில் கேஸ், அடுத்து புகை, அதன் பிறகே தண்ணீர். இந்த வரிசைக்குப் பின்னால் உள்ள அறிவியலை இந்த வாரம் பார்ப்போம்.

உங்கள் வீட்டில் இருப்பது எது?

பத்துமலை, செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரங்களில் பெரும்பாலான வீடுகளில் இருப்பது மின்சார ஹீட்டர். குளியலறைச் சுவரில் சிறிய பெட்டி, அதிலிருந்து ஷவர் குழாய், அறைக்கு வெளியே ஒரு பெரிய சுவிட்ச் என்று இருந்தால் அது மின்சார ஹீட்டர். கேஸ் ஹீட்டர் சற்றுப் பெரியது. அடியில் குறைந்தது மூன்று இணைப்புகள் இருக்கும்: குளிர்நீர் உள்ளே வர ஒன்று, வெந்நீர் வெளியே போக ஒன்று, எரிவாயு வர ஒன்று. மேலே புகைபோக்கி இருக்கும். சில தரை வீடுகள், கொண்டோக்கள், உணவகங்கள், முடிதிருத்தும் கடைகள், தங்கும் விடுதிகள் ஆகியவற்றில் இதைக் காணலாம்.

உங்கள் வீட்டில் மின்சார ஹீட்டர் இருந்து அது சொட்டினால் செய்ய வேண்டியது ஒன்றுதான். அறைக்கு வெளியே உள்ள சுவிட்சை அணையுங்கள், பெட்டியைத் திறக்காதீர்கள், மின்பணியாளரை அழைக்கச் சொல்லுங்கள். தண்ணீரும் 230 வோல்ட் மின்சாரமும் சந்திக்கும் இடம் அது. தரை ஈரமாக இருக்கும் இடங்களில் 10 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவி இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு மின்சார ஒழுங்குமுறை விதி. அது வீட்டில் இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் துண்டிக்கிறதா என்று பெரியவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். இனி கேஸ் ஹீட்டருக்கு வருவோம்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

குழாயைத் திறந்ததும் தண்ணீர் ஹீட்டருக்குள் ஓடத் தொடங்குகிறது. உள்ளே ஒரு ரப்பர் சவ்வு இருக்கிறது. தண்ணீர் ஓடும்போது அதன் இரு பக்கமும் அழுத்தம் வேறுபடுவதால் சவ்வு நகர்ந்து ஒரு சிறு கம்பியைத் தள்ளுகிறது. அந்தக் கம்பி ஒரு சுவிட்சை இயக்குகிறது, பேட்டரியின் சக்தியால் தீப்பொறி பறக்கிறது, எரிவாயு வால்வு திறக்கிறது, பர்னர் பற்றிக்கொள்கிறது. தண்ணீர் நின்றால் சவ்வு பழைய இடத்துக்குத் திரும்பி எரிவாயுவை அடைத்துவிடும். தீ தானாக அணைந்துபோனாலும் வால்வு மூடிக்கொள்ளும்படி, தீ எரிகிறதா என்று கவனிக்கும் உணரி ஒன்றும் இருக்கிறது.

பர்னருக்கு மேலே இருப்பது வெப்ப மாற்றி. மெல்லிய செம்புத் தகடுகள் அடுக்கடுக்காக நிற்க, அவற்றின் ஊடே செம்புக் குழாய் வளைந்து வளைந்து போகும். கீழிருந்து எழும் சூடான வாயு தகடுகளைச் சூடாக்க, தகடுகள் குழாயையும், குழாய் தண்ணீரையும் சூடாக்குகின்றன. வெப்பத்தைக் கொடுத்துவிட்ட வாயு புகைபோக்கி வழியே வெளியேறுகிறது.

இதற்கு எவ்வளவு சக்தி வேண்டும்? படிவம் 4 இயற்பியலில் வரும் சூத்திரமே போதும். 1 கிலோகிராம் நீரின் வெப்பநிலையை 1 பாகை செல்சியஸ் உயர்த்த 4.2 கிலோஜூல் தேவை. நம் ஊர்க் குழாய் நீர் 28 பாகை என்றும், குளிக்க 40 பாகை வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 6 லிட்டர் ஓடினால் 6 × 4.2 × 12, அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 302 கிலோஜூல். விநாடிக்குக் கணக்கிட்டால் 5 கிலோவாட். சமையலறை மின்கெட்டில்கள் இரண்டு ஒரே நேரத்தில் இயங்குவதற்கு நிகர். 10 நிமிடக் குளியலுக்குச் சுமார் 80 கிராம் எரிவாயு எரியும். இந்த 80 கிராம் என்ற எண்ணை நினைவில் வையுங்கள், மீண்டும் தேவைப்படும்.

முதல் சோதனை: மூக்கு

நம் வீடுகளுக்கு எரிவாயு இரண்டு வடிவில் வருகிறது. தோம்பில் வருவது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவ எரிவாயு. குழாய் வழியே சில குடியிருப்புகளுக்கு வருவது இயற்கை எரிவாயு. அதில் பெரும்பகுதி மீத்தேன்.

இவை இரண்டுக்கும் இயல்பில் மணம் இல்லை. நாம் "கேஸ் வாடை" என்று சொல்வது வேண்டுமென்றே சேர்க்கப்படும் கந்தகச் சேர்மத்தின் வாடை. திரவ எரிவாயுவில் பெரும்பாலும் எத்தில் மெர்காப்டான் கலக்கிறார்கள். இந்தப் பழக்கம் சட்டமானதற்கு ஒரு பள்ளிக்கூடம் காரணம். 1937 மார்ச் 18ஆம் தேதி அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், நியூ லண்டன் என்ற ஊரிலிருந்த பள்ளிக் கட்டடத்தின் அடியில் மணமற்ற இயற்கை எரிவாயு கசிந்து தேங்கியிருந்தது. யாருக்கும் தெரியவில்லை. பட்டறையில் ஒரு மின்கருவியை இயக்கியபோது எழுந்த பொறியில் கட்டடமே வெடித்தது. மாணவர்களும் ஆசிரியர்களுமாக ஏறத்தாழ 300 பேர் இறந்தனர். அதன் பிறகே எரிவாயுவில் வாடை சேர்ப்பது டெக்சஸில் கட்டாயமானது; பிறகு உலகெங்கும் பரவியது. இன்று ஹீட்டர் அருகே அந்த வாடை வந்தால், அதை ஓர் எச்சரிக்கை மணியாகவே எண்ணுங்கள்.

கசிந்த வாயு எங்கே போகும்? மோலார் எடையை ஒப்பிட்டுப் பாருங்கள். காற்றின் சராசரி 29. புரோப்பேன் 44, பியூட்டேன் 58, மீத்தேன் 16. ஆகவே தோம்பு வாயு காற்றைவிட 1.5 முதல் 2 மடங்கு கனமானது. தரையோடு தவழ்ந்து, கட்டிலுக்கு அடியிலும் கால்வாய்த் துளையிலும் தேங்கும். மீத்தேன் காற்றைவிட இலேசானது. கூரைப் பக்கம் ஏறும். காற்றில் ஏறத்தாழ 2 விழுக்காடு திரவ எரிவாயு கலந்தாலே தீப்பற்றப் போதும். மீத்தேனுக்கு அந்த அளவு 5 விழுக்காடு.

2025 ஏப்ரல் 1ஆம் தேதி புத்ரா ஹைட்ஸில் நிலத்தடி எரிவாயுக் குழாயில் ஏற்பட்ட தீயை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தீப்பிழம்பு 30 மீட்டருக்கும் மேல் எழுந்தது. அது மிக உயர்ந்த அழுத்தத்தில் வாயுவைக் கொண்டுசெல்லும் பெருங்குழாய். வீட்டு ஹீட்டருக்கு வரும் வாயுவின் அழுத்தம் அதோடு ஒப்பிட முடியாத அளவுக்குக் குறைவு. ஆனால் மூடிய அறையில் மெல்லக் கசிந்து தேங்கினால், குறைந்த அழுத்தமும் ஆபத்தே.

வாடை வந்தால் இவற்றைச் செய்யுங்கள். தோம்பின் ரெகுலேட்டரை, அல்லது குழாய் வால்வை மூடுங்கள். கதவு, சன்னல்களைத் திறந்துவிடுங்கள். எந்த மின்சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் பொறி பறக்கும். மின்விசிறியை ஓடவிட்டு வாயுவை விரட்டலாம் என்று எண்ணாதீர்கள். எல்லாரும் வெளியே வந்தபிறகு, தள்ளி நின்று 999க்கு அழையுங்கள்.

இணைப்புகளில் மெல்லிய கசிவு இருக்கிறதா என்று பார்க்க உலகெங்கும் பயன்படும் முறை சோப்பு நீர். பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் குழைத்துத் தூரிகையால் இணைப்பின்மேல் தடவினால், கசிவு உள்ள இடத்தில் குமிழி வளரும். தீக்குச்சியைக் கொளுத்திப் பார்ப்பது கசிவைக் கண்டுபிடிக்கும் வழி அல்ல, விபத்தை வரவழைக்கும் வழி.

இரண்டாவது சோதனை: காற்றும் தீயும்

இப்போது மூக்குக்குத் தெரியாத கசிவுக்கு வருவோம்.

போதிய காற்று கிடைத்தால் நடப்பது முழுமையான எரிதல். உங்கள் பாடநூலில் பெம்பாகாரான் லெங்காப் என்று வருவது இதுதான்:

புரோப்பேன் + உயிர்வளி → கரிவளி + நீராவி + வெப்பம்

காற்று போதாவிட்டால் நடப்பது முழுமையற்ற எரிதல், அதாவது பெம்பாகாரான் தீடாக் லெங்காப்:

புரோப்பேன் + குறைந்த உயிர்வளி → கார்பன் மோனாக்சைடு + புகைக்கரி + நீராவி + குறைந்த வெப்பம்

ஒரு குளியலறைக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று நாமே கணக்கிடலாம். 1.5 மீட்டர் அகலம், 2 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் உயரம் உள்ள அறை. கொள்ளளவு 7.5 கன மீட்டர், அதாவது 7,500 லிட்டர். காற்றில் 21 விழுக்காடு உயிர்வளி. ஆக 1,575 லிட்டர். முன்பு பார்த்த 80 கிராம் எரிவாயுவைப் புரோப்பேன் என்றே கொள்வோம். அது 1.82 மோல். ஒரு மோல் புரோப்பேன் எரிய 5 மோல் உயிர்வளி வேண்டும், எனவே 9.1 மோல். அறை வெப்பநிலையில் ஒரு மோல் வாயு 24 லிட்டர் என்று படித்திருப்பீர்கள். ஆக ஏறத்தாழ 218 லிட்டர் உயிர்வளி செலவாகும்.

ஹீட்டர் குளியலறைக்குள்ளேயே இருந்து, கதவும் சன்னலும் இறுக மூடியிருந்தால், ஒருவர் குளித்து முடிப்பதற்குள் உயிர்வளி 21 விழுக்காட்டிலிருந்து 18க்கு இறங்கிவிடும். அடுத்தவர் உடனே உள்ளே போனால் 15 விழுக்காட்டை நெருங்கும். கதவிடுக்கில் கொஞ்சம் காற்று வரும் என்பதால் உண்மை நிலை சற்று மாறலாம். ஆனாலும் உயிர்வளி 18 விழுக்காட்டை நெருங்கும்போதே தீ தடுமாறத் தொடங்கி, கார்பன் மோனாக்சைடு உற்பத்தி வேகமாக ஏறும். வெளியேற வேண்டிய புகை அறைக்குள்ளேயே சுற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

இந்த வாயு உடலில் என்ன செய்கிறது? இரத்தத்தில் உயிர்வளியைச் சுமப்பது ஹீமோகுளோபின். அதனோடு உயிர்வளி ஒட்டுவதைவிட 200 மடங்குக்கும் மேல் உறுதியாகக் கார்பன் மோனாக்சைடு ஒட்டிக்கொள்ளும். பேருந்தின் எல்லா இருக்கைகளிலும் இறங்காத பயணிகள் உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகும்? பேருந்து ஓடும், ஆனால் ஏற வேண்டியவர்கள் ஏற முடியாது. இரத்தம் ஓடிக்கொண்டேயிருக்கும், மூளைக்கு உயிர்வளி போய்ச் சேராது. 10 லட்சம் பங்குக் காற்றில் 1,600 பங்கு இந்த வாயு இருந்தால், 20 நிமிடத்தில் தலைவலியும் தலைசுற்றலும் குமட்டலும் வரும். ஓரிரு மணி நேரத்தில் உயிரே போகலாம். செறிவு இன்னும் கூடினால் சில நிமிடங்களே போதும்.

இந்த ஆபத்து கற்பனை அல்ல. தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் கேஸ் ஹீட்டரைக் "கேஸ் கீசர்" என்பார்கள். 2023 ஜூன் மாதம் பெங்களூரின் சிக்கஜாலா பகுதியில், காற்றோட்டம் இல்லாத குளியலறையில் கேஸ் கீசரை இயக்கிக் குளித்த இளம் இணையர் இருவர் இறந்து கிடந்தனர். அங்கே வெடிப்பும் இல்லை, தீயும் இல்லை. நம் நாட்டில், இயங்கிக்கொண்டிருக்கும் காரில் குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு உறங்கியவர்கள் எழாமல் போன செய்திகளைப் படித்திருப்பீர்கள். கொல்வது அதே வாயுதான்.

முன்னெச்சரிக்கையாகக் கவனிக்க வேண்டியவை இவை:

தீயின் நிறம். ஹீட்டரில் சிறு கண்ணாடித் துளை இருக்கும். தீ நீலமாகவும் நிலையாகவும் எரிய வேண்டும். மஞ்சளாகவோ ஆடி அலைந்தோ எரிந்தால் உடனே நிறுத்துங்கள். நீலமாக இருப்பதாலேயே ஆபத்து இல்லை என்றும் சொல்லிவிட முடியாது; அடைத்த அறையில் நீலத் தீயும் உயிர்வளியைத் தின்றுகொண்டுதான் இருக்கும்.

கரி. பெட்டியின் மேற்பகுதியிலோ புகைபோக்கியைச் சுற்றியோ கறுப்பாகப் படிந்திருந்தால் அது முழுமையற்ற எரிதலின் கையெழுத்து.

புகைபோக்கி. குழாய் கழன்றிருக்கிறதா? உள்ளே பறவை கூடு கட்டியிருக்கிறதா? வீட்டைப் புதுப்பித்தபோது யாராவது காற்றுத் துளையை அடைத்துவிட்டார்களா?

உடல். குளிக்கும்போது தலை வலிக்கிறது, வெளியே வந்தால் சரியாகிவிடுகிறது. வீட்டில் பலருக்கும் ஒரே நேரத்தில் அப்படி இருக்கிறது, ஆனால் காய்ச்சல் இல்லை. இதைச் சாதாரணக் களைப்பு என்று ஒதுக்காதீர்கள்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை நம்பியும் ஏமாறக்கூடாது. சாதாரண ஆக்சிமீட்டரால் உயிர்வளி ஏறிய ஹீமோகுளோபினையும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினையும் சரியாகப் பிரித்தறிய முடியாது. ஆபத்தில் இருப்பவருக்கும் அது நல்ல எண்ணையே காட்டலாம். வீட்டில் கேஸ் ஹீட்டர் இருந்தால், கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்று வாங்கி மாட்டுவதே நல்லது. அக்காலச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு அத்தகைய கருவி இல்லை. ஸ்காட்லாந்து அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேனின் யோசனைப்படி, கனேரிக் குருவிகளைக் கூண்டில் வைத்து எடுத்துச் சென்றார்கள். மனிதர்களுக்கு முன்பே குருவி மயங்கும். பிரிட்டனில் 1986 வரை இந்த வழக்கம் நீடித்தது.

ஒருவர் குளியலறையில் மயங்கிக் கிடந்தால், முதலில் கதவைத் திறந்து காற்று வரச் செய்து, கேஸை மூடி, அவரை வெளியே கொண்டுவர வேண்டும். பிறகு 999. உதவப் போனவரே இரண்டாவதாக மயங்கி விழுவது இவ்வகை விபத்துகளில் நடப்பதுண்டு. அதனால் உள்ளே நின்று தாமதிக்கக் கூடாது. மருத்துவமனையில் தூய உயிர்வளி கொடுப்பார்கள். சாதாரணக் காற்றில் இரத்தத்திலுள்ள இந்த வாயு பாதியாகக் குறைய 4 முதல் 5 மணி நேரம் ஆகும். தூய உயிர்வளியில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் போதும்.

மூன்றாவது சோதனை: தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

கேஸ் வாடை இல்லை, தீ ஒழுங்காக இருக்கிறது என்றான பிறகு வாளிக்குத் திரும்பலாம். இங்கே துப்பறிவாளர்போல் யோசிக்க வேண்டும். பெட்டியைத் திறக்காமலேயே பாதி விடை கிடைத்துவிடும். முதல் கேள்வி: எப்போது சொட்டுகிறது?

வெந்நீர் வரத் தொடங்கிய முதல் சில நிமிடங்கள் மட்டும் சொட்டி, பிறகு நின்றுவிடுகிறதா? அது கசிவாக இல்லாமல் இருக்கலாம். எரிதலின் விளைபொருள்களில் நீராவியும் ஒன்று என்று பார்த்தோம். 80 கிராம் புரோப்பேன் எரிந்தால் 130 கிராம் நீர் உண்டாகும். அரை டம்ளருக்கு மேல். செம்புத் தகடுகள் இன்னும் குளிர்ந்திருக்கும்போது, பனிக்கட்டி போட்ட டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல், நீராவி அவற்றின்மேல் படிந்து சொட்டும். தகடு சூடானதும் நின்றுவிடும்.

குழாயை மூடிய பிறகு சில துளிகள் மட்டும் விழுகின்றனவா? அடுப்பு அணைந்தாலும் வெப்ப மாற்றியில் சூடு மிச்சம் இருக்கும். உள்ளே தங்கிய நீர் விரிவடைந்து அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தை வெளியேற்றவே அடியில் பாதுகாப்பு வால்வு இருக்கிறது. அளவாகச் சொட்டினால் அது தன் வேலையைச் செய்கிறது. ஓயாமல் சொட்டினால் வால்வு பழுது, அல்லது தண்ணீர் அழுத்தம் மிக அதிகம். சொட்டுகிறதே என்று இந்த வால்வை அடைத்துவிடுவது மிகப் பெரிய தவறு.

ஹீட்டரை இயக்காதபோதும் எந்நேரமும் சொட்டுகிறதா? இப்போது இரண்டாவது கேள்வி: எங்கே? ஹீட்டரை அணைத்து ஆறவிட்டு, வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்து உலரவிடுங்கள். ஒவ்வோர் இணைப்பிலும் டிஷ்யூ தாளைச் சுற்றுங்கள். தண்ணீர் கீழ்நோக்கி ஓடுவதால், சொட்டும் இடம் கசியும் இடமாக இருக்க வேண்டியதில்லை. நனைந்திருப்பவற்றில் மிக உயரத்தில் உள்ள இடத்தையே தேட வேண்டும்.

மூன்றாவது கேள்வி: கறை என்ன நிறம்? பச்சை அல்லது நீலம் என்றால் செம்பு அரிக்கப்படுகிறது; வெப்ப மாற்றியிலோ செம்பு இணைப்பிலோ ஓட்டை இருக்கலாம். பழுப்பு என்றால் இரும்புத் துரு. வெள்ளைப் படிவம் என்றால் சுண்ணாம்பு.

சுண்ணாம்பு என்றதும் பத்துமலை நினைவுக்கு வர வேண்டும். 272 படி ஏறி மேலே போனவர்கள் குகைக் கூரையிலிருந்து தொங்கும் கல்விழுதுகளைப் பார்த்திருப்பீர்கள். மழைநீர் கரிவளியைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிச் சுண்ணாம்புக் கல்லைக் கரைக்கிறது. குகைக்குள் துளியாகத் தொங்கும்போது கரிவளி பிரிந்துவிட, கரைந்திருந்த கால்சியம் கார்பனேட் திரும்பக் கல்லாகிறது. ஒரு விழுது வளர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும். சூடாக்கினால் இதே வேதிவினை வேகமாக நடக்கும். கடின நீர் ஓடும் ஹீட்டரின் செம்புக் குழாய்க்குள் சில ஆண்டுகளிலேயே ஒரு குட்டிப் பத்துமலை உருவாகிவிடும். அந்தப் படிவம் வெப்பத்தைத் தடுப்பதால் செம்பு அளவுக்கு மீறிச் சூடேறி, வளைவுகளில் பலவீனமாகிக் கசியும்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் குழாய் நீர் பெரும்பாலும் ஆறுகளிலிருந்தும் அணைகளிலிருந்தும் வருவதால் நமக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தும் சென்னை வீடுகளில் அதிகம். நமக்கு வேறு தொல்லை உண்டு: தண்ணீர்த் தடைக்குப் பிறகு வரும் கலங்கல் நீர். அது ஹீட்டரின் நுழைவாயிலில் உள்ள வடிகட்டியை அடைத்து, ஓட்டத்தைக் குறைத்துவிடும். ஓட்டம் போதாவிட்டால் சவ்வு நகராது, ஹீட்டர் பற்றாது.

யார் எதைப் பழுதுபார்க்கலாம்?

தண்ணீர்ப் பக்கத்தில் எளிய வேலைகளைப் பெரியவர் ஒருவர் செய்யலாம். கேஸையும் தண்ணீரையும் மூடி, பேட்டரியைக் கழற்றி, ஹீட்டர் ஆறிய பிறகே தொட வேண்டும். இணைப்பில் கசிந்தால் பெரும்பாலும் ரப்பர் வாஷர் கெட்டிப்பட்டு வெடித்திருக்கும். புதிதாக மாற்றினால் போதும். பலம்கொண்டு நட்டை முறுக்கினால் செம்பு நெளிந்து கசிவு பெரிதாகும். வடிகட்டியைக் கழற்றிக் கழுவலாம். பேட்டரியை மாற்றலாம்.

சவ்வு தள்ளும் கம்பியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் தேய்ந்து கசிந்தால் பழுதுபார்ப்பவரை அழைக்க வேண்டும். தண்ணீர்ப் பக்கமும் எரிவாயுப் பக்கமும் சந்திக்கும் இடம் அது. வெப்ப மாற்றியில் ஓட்டை விழுந்தால் பற்றவைத்து ஒட்டுவது தற்காலிகத் தீர்வுதான். ஓரிடத்தில் அரித்த செம்பு பக்கத்திலும் மெலிந்திருக்கும். ஹீட்டர் பழையது என்றால் மாற்றிவிடுவதே சிக்கனம்.

எரிவாயுக் குழாய், வால்வு, பர்னர், புகைபோக்கி ஆகியவற்றில் நாம் கைவைக்கவே கூடாது. எரிவாயுப் பொருத்து வேலைகளை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற தகுதியாளரே செய்ய வேண்டும். வீடு மாறும்போது இது இன்னும் முக்கியம். ஒரே அளவு இயற்கை எரிவாயுவைவிடத் தோம்பு வாயுவில் சக்தி இரண்டரை மடங்கு அதிகம். குழாய் வாயுவுக்கு என்று செய்யப்பட்ட ஹீட்டரைக் கொண்டுபோய்த் தோம்போடு இணைத்தால், பர்னருக்கு அளவுக்கு மீறிய எரிபொருள் போகும். காற்று போதாமல் மஞ்சள் தீ எரியும். விளைவு உங்களுக்கே இப்போது தெரியும்.

ஒரு கசிவு இன்னொன்றாக மாறும்

வாளி வைத்துச் சமாளிக்கலாம் என்று ஏன் விடக்கூடாது? விநாடிக்கு ஒரு சொட்டு வீதம் விழுந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 லிட்டர் வீணாகும். அது சிறிய காரணம். பெரிய காரணம் வேறு. வெப்ப மாற்றி பர்னருக்கு நேர் மேலே இருக்கிறது. அதிலிருந்து சொட்டும் நீர் பர்னர்மேல் விழுகிறது. பர்னரின் நுண்துளைகள் துருப்பிடித்து அடைபடுகின்றன. தீ ஒழுங்கிழந்து மஞ்சளாகிறது. எழும் கரி தகடுகளின் இடைவெளியை அடைக்கிறது. புகை மேலே போக வழியின்றி அறைக்குள் திரும்புகிறது. சில மாதங்களுக்கு முன் வெறும் தண்ணீர்ச் சொட்டாக இருந்தது, இப்போது கார்பன் மோனாக்சைடு. கண்ணுக்குத் தெரிந்த கசிவு கண்ணுக்குத் தெரியாத கசிவாக மாறிவிட்டது.

செய்து பாருங்கள்

1. முட்டை ஓட்டை வினிகரில் ஒரு நாள் ஊறவையுங்கள். எழும் குமிழிகள் என்ன வாயு? ஹீட்டர் குழாயின் சுண்ணாம்புப் படிவத்தை நீக்க ஏன் அமிலம் பயன்படுகிறது?

2. உங்கள் வீட்டுக் குளியலறையின் கொள்ளளவை அளந்து, மேலே செய்த உயிர்வளிக் கணக்கை உங்கள் அறைக்குச் செய்யுங்கள். அறை பெரிதானால் விடை எப்படி மாறுகிறது?

3. வீட்டிலோ உறவினர் வீட்டிலோ கேஸ் ஹீட்டர் இருந்தால் பெரியவரோடு சேர்ந்து பாருங்கள்: அது குளியலறைக்கு உள்ளேயா, வெளியேயா? புகை எங்கே போய் முடிகிறது? காற்று எங்கிருந்து வருகிறது?

மூன்றாவது கேள்விக்கு யாரிடமும் விடை இல்லை என்றால், அந்த ஹீட்டரை இயக்குவதற்கு முன்பே தகுதியாளர் ஒருவரை அழைக்கச் சொல்லுங்கள்.